நீல போர்டு சொல்லாத விஷயம்: நினைவுச்சின்னத்தைக் காக்குறவர் கையில என்ன அதிகாரம் இருக்கு?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

 

மாமல்லபுரத்துல நீங்க எடுத்த போட்டோவைத் திறந்து பாருங்க. கடற்கரைக் கோயில், அர்ஜுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, எதுவா இருந்தாலும் சரி. ஓரத்துல எங்கேயாவது ஒரு நீல போர்டு மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், இன்ன சட்டம், சேதப்படுத்தினா சிறை, அபராதம்னு வரிசையா எழுதியிருக்கும். நாம யாரும் அதை முழுசாப் படிக்கிறதில்ல. படிச்சாலும், "சரி, கவர்ன்மென்ட் பாத்துக்கும்"னு நகர்ந்துடுவோம்.

இன்னிக்கு எபிசோட் அந்த "பாத்துக்கும்" பத்தினதுதான். யாரு பாத்துக்கிறாங்க? பாத்த பிறகு அவங்களால என்ன பண்ண முடியும்?

நான் இருக்குறது புதுப்பட்டினம். கல்பாக்கம்னு சொன்னா உங்களுக்குச் சட்டுனு புரியும், அதை ஒட்டின ஊர். பக்கத்துலயே சதுரங்கப்பட்டினம், அங்க கடலைப் பாத்துக்கிட்டு ஒரு டச்சுக் கோட்டை. செங்கல் மதில், பழைய கிடங்குகள், உள்ள அழகா எழுத்து செதுக்கின டச்சுக்காரங்க கல்லறைகள். வடக்க போனா மாமல்லபுரம், 1984-லயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த இடம். தெற்க கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை, 1760-ல ஆங்கிலேயர்கள் பிடிச்சு இடிச்சது போக மிச்சம். உள்நாட்டுப் பக்கம் செங்கல்பட்டு வட்டாரத்துக் கிராமங்கள்ல பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், அதாவது வட்டமாக் கல்லு நட்ட ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசான புதைகுழிகள்.

இதெல்லாம் ஒரே சட்டத்துக்குள்ள வராது. சதுரங்கப்பட்டினமும் மாமல்லபுரத்துச் சின்னங்களும் மத்திய அரசோட இந்தியத் தொல்லியல் துறைக்குக் கீழ வரும். அதுக்கு 1958-ஆம் வருஷச் சட்டம். ஆலம்பரை மாநிலத் தொல்லியல் துறைக்குக் கீழ. அதுக்குத் தமிழ்நாடு 1966-ல போட்ட தனிச் சட்டம். இன்னிக்கு நான் பெரும்பாலும் 1958 சட்டத்தைப் பத்திப் பேசப்போறேன். நம்ம ஊர்ல வீடு, லாட்ஜ், கடைன்னு எல்லாத்தையும் தொடுற சட்டம் அதுதான்.

100 மீட்டர், 200 மீட்டர்

முதல்ல அடிப்படைக் கணக்கு. பாதுகாக்கப்பட்ட இடத்தோட எல்லையில இருந்து எல்லாப் பக்கமும் 100 மீட்டர், தடை செய்யப்பட்ட பகுதி. அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டர், ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. மொத்தம் 300. கல்லுல இருந்து அளக்குறதில்ல, எல்லைக்கோட்டுல இருந்து அளக்கணும். இது ரொம்ப முக்கியம். வேலிக்கு வெளிய நின்னுக்கிட்டு, "கோயில் எங்கயோ இருக்கே"ன்னு சொல்ல முடியாது.

இந்த 100, 200 கணக்கு முதல்ல 1992 ஜூன் 16-ஆம் தேதி ஒரு அறிவிக்கையா வந்துச்சு. அந்தத் தேதியை மனசுல வச்சுக்கங்க, திரும்ப வரும். அதுக்கப்புறமும் ஒரு நிபுணர் குழு பரிந்துரைச்சா 100 மீட்டருக்குள்ளயே அனுமதி கொடுக்குற பழக்கம் இருந்தது. 2009 அக்டோபர்ல டெல்லி உயர் நீதிமன்றம், "இந்தக் குழுவுக்குச் சட்டத்துல இடமே இல்லையே"ன்னு அதை அடிச்சுப் போட்டுது. உடனே 2010-ல நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, இந்த மீட்டர் கணக்கைச் சட்டத்துக்குள்ளயே எழுதி வச்சுது. தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையமும் அப்ப வந்ததுதான்.

இப்ப நிலைமை என்னன்னா, 100 மீட்டருக்குள்ள புதுசாக் கட்ட யாராலயும் அனுமதி கொடுக்க முடியாது. தொல்லியல் துறைத் தலைமை இயக்குநராலயும் முடியாது. ஏற்கெனவே இருக்குற வீட்டுக்கு மேல ஒரு மாடி எழுப்பினாலும் அது சட்டப்படி புதுக் கட்டுமானம்தான். 1992 ஜூன் 16-க்கு முன்னாடியே இருந்த கட்டடம்னா, பழுது பாக்க, புதுப்பிக்க விண்ணப்பம் போடலாம். அடுத்த 200 மீட்டர்ல அனுமதி வாங்கிக் கட்டலாம்.

இவ்வளவும் தெளிவாத்தான் இருக்கு. சிக்கல் இதுக்கு அப்புறம்தான்.

ஒரு வார இறுதியில என்ன நடக்கும்

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்குவோம். ஏதோ ஒரு பாதுகாக்கப்பட்ட பாறைக்கு 60 மீட்டர் தூரத்துல ஒரு மனை. வியாழக்கிழமை வரைக்கும் அங்க ஒரு பழைய ஓட்டு வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜல்லியும் கம்பியும் வந்து இறங்குது. சனிக்கிழமை கம்பி கட்டி, சென்ட்ரிங் அடிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில மிக்சர் வந்து, சாயங்காலத்துக்குள்ள கூரை கான்கிரீட் போட்டாச்சு. கட்டட வேலை தெரிஞ்சவங்களுக்கு இது ஆச்சரியமே இல்ல.

அந்தப் பாறைக்குப் பொறுப்பா தொல்லியல் துறை ஊழியர் ஒருத்தர் இருக்கார். சனிக்கிழமையே பாத்துட்டார்னு வச்சுக்குவோம். அவர் என்ன பண்ணலாம்?

பாக்கலாம். தூரத்தை அளக்கலாம். போட்டோ எடுக்கலாம். வேலை செய்யுற மேஸ்திரிகிட்ட, "இது தடை செய்யப்பட்ட பகுதிங்க, நிறுத்துங்க"ன்னு வாயால சொல்லலாம். மேஸ்திரி, "ஓனர்ட்ட பேசிக்கங்க சார்"னு சொல்லிட்டு வேலையைத் தொடருவார். இவர் மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்பணும். அங்க இருந்து, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகணும். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு புகார். கலெக்டர் ஆபீசுக்கு ஒரு கடிதம். பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒரு கடிதம்.

கட்டடத்தை எடுக்கச் சொல்லுற உத்தரவு மத்திய அரசு பேர்ல வரணும். உரிமையாளர் எடுக்கலைன்னா, அதை இடிச்சு அப்புறப்படுத்த வேண்டியது மாவட்ட நிர்வாகம். செலவை உரிமையாளர்கிட்ட வசூலிக்கலாம்.

அப்போ வேலையை எப்படிப் பிரிச்சு வச்சிருக்கோம்னு பாருங்க. பாக்குறது ஒருத்தர், உத்தரவு போடுறது இன்னொருத்தர், இடிக்கிறது மூணாவது ஆள். நடுவுல "நிறுத்து"ன்னு எழுத்துல கொடுத்து, அது உடனே செல்லுபடியாகுற அதிகாரம் இருக்கே, அது பாத்தவர் கையில இல்ல.

அது எங்கேயுமே இல்லையான்னா, இருக்கு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. அனுமதி இல்லாத கட்டுமானத்தை நிறுத்தச் சொல்லுற அதிகாரம் அந்தச் சட்டத்துல திட்டக் குழுமத்துக்கு உண்டு. பூட்டி சீல் வைக்கிறதும் அந்தப் பக்கம்தான். அதாவது அதிகாரம் ஒரு ஆபீஸ்ல இருக்கு, தகவல் இன்னொரு ஆபீஸ்ல இருக்கு. ரெண்டையும் இணைக்கிறது ஒரு கடிதம். அந்தக் கடிதம் போய்ச் சேருறதுக்குள்ள கான்கிரீட் இறுகிடும்.

போலீஸைக் கூப்பிட்டா?

இங்கதான் நான் சட்டப் புத்தகத்தை ரெண்டு தடவை திருப்பிப் பாத்த இடம்.

2010 திருத்தத்துக்கு அப்புறம் தண்டனைகள் இப்படி. நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினா, அதுல கிறுக்கினா, அதுல இருந்து சிற்பத்தைப் பெயர்த்து எடுத்தா 2 வருஷம் வரைக்கும் சிறை, இல்ல 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். 100 மீட்டருக்குள்ள கட்டினா? அதுக்கும் அதே 2 வருஷம், அதே 1 லட்சம். அனுமதி இல்லாம அடுத்த 200 மீட்டருக்குள்ள கட்டினா? அதுக்கும் அதேதான். காகிதத்துல மூணும் சமம்.

ஆனா சட்டத்தோட 32-ஆவது பிரிவுல ஒரு பட்டியல் இருக்கு. எந்தெந்தக் குற்றத்துக்குப் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது பண்ணலாம், கோர்ட் உத்தரவுக்குக் காத்திருக்காம விசாரணையைத் தொடங்கலாம்ங்கிற பட்டியல். அதுல இருக்குறது ரெண்டே ரெண்டு: சின்னத்தைச் சேதப்படுத்துறது, அதுல இருந்து சிற்பம், கல்வெட்டு மாதிரிப் பொருளை எடுத்துட்டுப் போறது. பக்கத்துல கட்டுறது அந்தப் பட்டியல்ல இல்ல. பொதுவான குற்றவியல் நடைமுறைப்படி, 3 வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள இந்த மாதிரிக் குற்றங்கள்ல போலீஸ் மாஜிஸ்திரேட்டோட உத்தரவு இல்லாம விசாரிக்க முடியாது.

இதை நம்ம பாஷைல சொன்னா இப்படி. பாறைல "குமார் லவ்ஸ் பிரியா"ன்னு ஆணியால கீறின பையனை ஸ்டேஷன்ல இருந்து வந்து உடனே பிடிச்சுட்டுப் போகலாம். அதே பாறைக்கு 60 மீட்டர்ல மூணு மாடி எழுப்புறவரைத் தடுக்க ஒரு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும். ரெண்டு பேருக்கும் தண்டனை அளவு ஒண்ணுதான்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிடறேன். சின்னத்துக்கு "ஆபத்து உண்டாக்குறது"ங்கிற வார்த்தையும் அந்த முதல் குற்றத்துக்குள்ள வரும். ஜேசிபி வச்சு அஸ்திவாரம் தோண்டி, பக்கத்துல இருக்குற மதிலே விழுற நிலைமைனா, அதை அந்தப் பிரிவுல கொண்டு வந்து உடனே நடவடிக்கை கேக்க வழி இருக்கு. ஆனா சாதாரணமா எழும்புற ஒரு மாடிக்கு அது பொருந்தாது. கெடுதல் ஒரே நாள்ல நடக்குறதில்ல. ஒவ்வொரு மாடியா, ஒவ்வொரு போர்வெல்லா நடக்குது.

சிலைக்கு ஒரு நியாயம், பாறைக்கு ஒரு நியாயம்

இப்ப கேளுங்க, இந்த நாட்டுல ஆய்வாளர்களுக்கு அதிகாரமே கொடுக்குறதில்லையா? கொடுக்குறோம், தாராளமா.

உங்க தெரு மெடிக்கல் ஷாப்புக்கு வர்ற மருந்து ஆய்வாளரை எடுத்துக்கங்க. 1940-ஆம் வருஷ மருந்துச் சட்டப்படி, சந்தேகம் இருந்தா "இந்த ஸ்டாக்கை விக்காதே"ன்னு எழுத்துல உத்தரவு போடலாம், 20 நாள் வரைக்கும். கடையை இடிக்கல, யாரையும் உள்ள தள்ளல. 20 நாள் அப்படியே இருன்னு சொல்றார், அவ்வளவுதான். அந்த 20 நாளுக்குள்ள உண்மை தெரிஞ்சுடும்.

பாரம்பரியத் துறையிலயே கூட, தூக்கிட்டுப் போகக்கூடிய பொருளுக்கு அதிகாரம் இருக்கு. 1972-ஆம் வருஷத் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டத்துல, மத்திய அரசு அதிகாரம் கொடுத்த அலுவலர் ஒரு இடத்துக்குள்ள நுழையலாம், சோதனை போடலாம், பறிமுதல் பண்ணலாம். தமிழ்நாட்டுல இதுக்கு மேல சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுன்னு போலீஸ்லயே தனிப் பிரிவு, 1983-ல இருந்து இருக்கு. நடராஜர் சிலை லண்டனுக்குப் போனா செய்தி, திரும்பி வந்தா செய்தி. கொண்டாட வேண்டிய விஷயம்தான், நான் மறுக்கல.

ஆனா பாறை எங்கேயும் போகாது. அது நிக்கிற இடத்துலயே அதைச் சுத்தி உலகம் மாறிடும். கல்வட்டம் இருந்த மேடு பிளாட் போட்ட லேஅவுட் ஆயிடும். திருடு போன சிலை என்னிக்காவது ஏலத்துல தலை காட்டும், அருங்காட்சியகத்துல கண்டுபிடிப்போம். சமப்படுத்தின மேட்டை எந்த ஏலத்துல தேடுவீங்க?

இது வெறும் பயம் இல்ல. 2013-ல தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை ஒண்ணு வந்துச்சு. 1,655 பாதுகாக்கப்பட்ட சின்னங்களை நேர்ல போய்ப் பாத்ததுல 92-ஐக் கண்டுபிடிக்கவே முடியலைன்னு அதுல இருந்தது. அந்தப் பட்டியல்ல சிலதைத் தொல்லியல் துறை அப்புறம் தேடிக் கண்டுபிடிச்சுது, சிலது கிடைக்கவே இல்ல. 2022-ல நாடாளுமன்றக் குழு ஒண்ணு இதைத் திரும்பக் கேட்டப்ப இன்னொரு கணக்கும் வெளிய வந்துச்சு. நாடு முழுக்க மத்தியப் பாதுகாப்புல இருக்குறது சுமார் 3,700 சின்னங்கள். காவலுக்கு 7,000 பேர் தேவை. கொடுக்க முடிஞ்சது 2,578 பேர், அதுவும் 248 இடத்துல மட்டும்.

அப்போ மிச்ச இடங்கள்ல "பாக்குறவர்"கூட இல்ல. செங்கல்பட்டு வட்டாரத்துக் கல்வட்டங்களை யோசிச்சுப் பாருங்க. மதில் கிடையாது, டிக்கெட் கவுன்ட்டர் கிடையாது, செல்ஃபி எடுக்க யாரும் போறதில்ல. அங்க சட்டம்னு நிக்கிறது ஒரு போர்டு மட்டும்தான், அதுவும் இருந்தா.

வெளிநாட்டுல எப்படி?

ஒரு உதாரணம் சொல்றேன், தென்னாப்பிரிக்கா. அங்க 1999-ல தேசியப் பாரம்பரிய வளங்கள் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. அதுல "பாரம்பரிய ஆய்வாளர்"னே ஒரு பதவி. அவருக்குப் புகைப்படம் ஒட்டின அடையாளச் சான்று கொடுப்பாங்க, கேட்டா காட்டணும். இடத்துக்குள்ள போய்ப் பாக்கலாம். சட்டத்தை மீறி வேலை நடக்குதுன்னு நம்புறதுக்குக் காரணம் இருந்தா, "உடனே நிறுத்து"ன்னு உத்தரவு போடலாம். மேல அமைப்பு முடிவு சொல்லுற வரைக்கும் வேலை நிக்கணும். இன்னொண்ணு, அங்க ஒவ்வொரு போலீஸ்காரரும் சுங்க அதிகாரியும் இந்தச் சட்டப்படி பாரம்பரிய ஆய்வாளரா கருதப்படுவாங்க.

அந்த நாட்டுல எல்லாம் பிரமாதம்னு சொல்ல வரல. சட்டத்துல எழுதினதும் தரையில நடக்குறதும் எல்லா ஊர்லயும் வேற வேறதான். ஆனா அங்க சட்டத்தை எழுதினவங்க, பாக்குற ஆள்கிட்டயே "நிறுத்து"ங்கிற வார்த்தையைக் கொடுத்திருக்காங்க. நாம அதைக் கொடுக்கல.

ஒரு நிமிஷம், வீட்டுக்காரங்க நிலைமை?

இப்ப சில பேர் மனசுக்குள்ள, "இன்னொரு ஆபீசருக்கு இன்னொரு அதிகாரமா? இன்னொரு கவர் ரெடி பண்ணணுமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நானும் இதே ஊர்க்காரன்தான்.

மாமல்லபுரத்தைப் பாத்தா, ஊரே சின்னங்களுக்கு நடுவுல இருக்கு. அங்கங்க ஒரு குகை, ஒரு பாறை, ஒரு ரதம். ஒவ்வொண்ணையும் சுத்தி 300 மீட்டர் வட்டம் போட்டா, வட்டங்கள் ஒண்ணு மேல ஒண்ணு விழும். எனக்கு அத்தை முறை ஆகுற ஒருத்தங்க வீடு அப்படி ஒரு வட்டத்துக்குள்ள இருக்கு. கூரை ஒழுகுது. ஐப்பசி வந்தா வீட்டுக்குள்ள நாலு பாத்திரம் வைக்கணும். "ஏன் அத்தை மாத்தலை?"ன்னு கேட்டா, "தொட்டா கேஸ் போடுவாங்களாம்டா"ங்கிறாங்க. யார் சொன்னாங்கன்னு தெரியாது. பழுது பாக்க விண்ணப்பம் போடலாம்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. வீடு 1992-க்கு முன்னாடியே இருந்துச்சுன்னு காட்ட பழைய வீட்டு வரி ரசீதைத் தேடி எடுக்கணும். அதுக்கே ரெண்டு பீரோவைக் கவுத்தோம்.

சட்டத்துல விண்ணப்பத்துக்குக் காலக்கெடு இருக்கு. தகுதி வாய்ந்த அதிகாரி 15 நாளுக்குள்ள ஆணையத்துக்கு அனுப்பணும். ஆணையம் 2 மாசத்துக்குள்ள பரிந்துரை சொல்லணும். அதுக்கப்புறம் 1 மாசத்துக்குள்ள முடிவு. மூணரை மாசம். ஆனா அந்த வழி தெரிஞ்சவங்களுக்குத்தான் வழி. மத்தவங்களுக்கு அது ஒரு நீல போர்டு, ஒரு பயம்.

அதனால என்ன ஆகுதுன்னு பாருங்க. பயப்படுற அத்தை ஓட்டைக்கூட மாத்தாம இருக்காங்க. பயப்படாத ஆள் வார இறுதியில மாடி போட்டுடறார். நிறுத்துற அதிகாரம் சரியான நேரத்துல இல்லாத ஊர்ல, சட்டம் பயப்படுறவங்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும்.

அதிகாரிகள் பக்கமும் இதே கதைதான். 2010 திருத்தத்துல 30-சின்னு ஒரு பிரிவு இருக்கு. தடை செய்யப்பட்ட பகுதியிலயோ ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியிலயோ கட்டுறதுக்கு உடந்தையா இருந்த, கண்டும் காணாம விட்ட, மறைச்ச மத்திய அரசு அதிகாரிக்கு 3 வருஷம் வரைக்கும் சிறை. கவனிங்க, கட்டினவருக்கு 2 வருஷம், கண்ணை மூடிக்கிட்டவருக்கு 3 வருஷம். லஞ்சத்துக்கு எதிரா இது நல்ல பிரிவு, இருக்கணும். ஆனா இதையும் முன்னாடி சொன்னதையும் சேர்த்துப் பாருங்க. தப்பு நடந்தா மாட்டிக்கிற பொறுப்பு அவருக்கு உண்டு, தப்பு நடக்கும்போது தடுக்கிற அதிகாரம் அவருக்குக் கிடையாது. அப்போ புத்திசாலியான அதிகாரி என்ன பண்ணுவார்? கடிதம் போடுவார். நாளைக்கு யாராவது கேட்டா காட்டுறதுக்கு ஒரு ஃபைல் வேணுமே. நோட்டீஸ் மேல நோட்டீஸ் போகும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரை அப்படி நிக்க வச்சது சட்டம்.

அப்போ என்ன வேணும்னு கேக்குறேன்

பெரிய தண்டனை கேக்கல. 2 வருஷத்தை 5 ஆக்கு, 1 லட்சத்தைப் 10 ஆக்குன்னு சொல்ல வரல. மேல தண்டனை ஏறினா கீழ பேரமும் ஏறும்.

நான் கேக்குறது சின்ன அதிகாரம். மருந்து ஆய்வாளருக்கு இருக்குற மாதிரி குறுகிய காலத்துக்கு மட்டும் ஒரு எழுத்து உத்தரவு: "இந்த வேலையை இத்தனை நாளைக்கு நிறுத்தி வை." அதோட சில நிபந்தனை. காரணம் எழுத்துல இருக்கணும். அளந்த தூரம், எங்க இருந்து அளந்தார்ங்கிறது, தேதியோட போட்டோ, எல்லாம் உத்தரவுலயே இருக்கணும். ஒரு பிரதி அன்னிக்கே திட்டக் குழுமத்துக்கும் கலெக்டருக்கும் போகணும். வீட்டுக்காரர் ஒரு வாரத்துக்குள்ள மேல்முறையீடு பண்ண வழி வேணும். குறிச்ச நாளுக்குள்ள மேல இருந்து முடிவு வரலைன்னா உத்தரவு தானாவே காலாவதி ஆகணும். ஓட்டு மாத்துறது, ஒழுகுற இடத்தை அடைக்கிறதுக்கெல்லாம் இந்த உத்தரவு போடவே கூடாதுன்னு தெளிவா எழுதணும்.

இன்னொண்ணு, கோட்டைத் தரையில காட்டணும். பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுத்தின ரெண்டு பகுதியையும் அளந்து வரைபடம் போடணும்னும், 1992 ஜூன் 16-க்கு அப்புறம் வந்த கட்டடங்களைக் கணக்கெடுக்கணும்னும் 2010 திருத்தமே தலைமை இயக்குநருக்குக் கடமையா வச்சிருக்கு. அந்த 100 மீட்டர் முடியுற இடத்துல தெருவுல ஒரு கல்லு நட்டா, பாதிச் சண்டை தீரும். சர்வே கல்லு நமக்குப் புதுசா என்ன?

கேக்குற நீங்க என்ன பண்ணலாம்?

ஒண்ணு, ஈசிஆர்ல பிளாட் வாங்கப் போறீங்கன்னா கேளுங்க. வில்லங்கச் சான்றிதழ்ல பதிவான பத்திரங்கள்தான் வரும், 300 மீட்டர் கோடு வராது. பக்கத்துல பாதுகாக்கப்பட்ட சின்னம் இருக்கான்னு அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி விசாரிங்க. "அப்ரூவல் எல்லாம் இருக்கு சார்"னு புரோக்கர் சொன்னா, எந்த அப்ரூவல்னு கேளுங்க.

ரெண்டு, வேலை நடக்குறதைப் பாத்தீங்கன்னா ரோட்டுல நின்னே போட்டோ எடுங்க, பின்னாடி சின்னமோ போர்டோ தெரியுற மாதிரி. யார் மனைக்குள்ளயும் போகாதீங்க. மேஸ்திரிகிட்டச் சண்டை போடாதீங்க, அவர் கூலிக்கு வந்தவர். புகாரை ஒரு ஆபீசுக்கு மட்டும் அனுப்பாதீங்க. தொல்லியல் துறை சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ள இருக்கு, அவங்களுக்கு ஒண்ணு. கலெக்டருக்கு ஒண்ணு. திட்டக் குழுமத்துக்கு ஒண்ணு. நிறுத்துற அதிகாரம் அங்கதான் இருக்குன்னு இப்ப உங்களுக்குத் தெரியுமே.

மூணு, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய், 30 நாள். "என் ஊர்ல இருக்குற சின்னத்தைச் சுத்தி எத்தனை நோட்டீஸ் கொடுத்தீங்க, அதுல எத்தனைக்கு அப்புறப்படுத்தும் உத்தரவு வந்துச்சு, எத்தனை உண்மையிலேயே அப்புறப்படுத்தினீங்க?" மூணே கேள்வி. மூணு எண்ணுக்கும் நடுவுல இருக்குற இடைவெளிதான் இன்னிக்கு நான் பேசின முழு விஷயமும்.

நாலு, உங்க வீட்டுல இந்த வட்டத்துக்குள்ள யாராவது இருந்தா, பழுது பாக்க விண்ணப்பம் போடலாம்னு சொல்லுங்க. பழைய ரசீதைத் தூக்கிப் போடாம வைக்கச் சொல்லுங்க. எங்க அத்தைக்கு 1988-ஆம் வருஷ ரசீது ஒண்ணு கிடைச்சுது. விண்ணப்பம் எழுதிக்கிட்டு இருக்கோம்.

அடுத்த எபிசோட்ல ஆலம்பரைப் பக்கம் போய், மாநிலச் சட்டம் இதே விஷயத்தை எப்படிக் கையாளுதுன்னு பாப்போம். உங்க ஊர்ல போர்டு இருக்கு, சின்னத்தைக் காணோம்னு ஏதாவது இடம் தெரிஞ்சா எழுதி அனுப்புங்க. இன்னிக்கு அவ்வளவுதான்.